பிரின்சிபால் ஆனா ஆராய்ச்சி போயிடுமா? (கடிதம்)

வணக்கம் சார்,

டோனி ரிக்லி பத்தி போன மாசம் ரெண்டு வரி எழுதியிருந்தீங்க, சர்ச் ரிஜிஸ்டரை எண்ணியே இங்கிலாந்தோட மக்கள்தொகை வரலாற்றை மாத்தி எழுதினவர்னு. தேடிப் பார்த்தா அவர் கேம்பிரிட்ஜ்ல ஒரு காலேஜுக்குத் தலைவரா இருந்திருக்கார், எனக்கு ஏமாற்றமா போச்சு. நான் காலேஜ்ல ஹிஸ்டரி எடுக்கறேன். எங்க ஊர் பங்குக் கோயிலோட பழைய ஞானஸ்நான ரிஜிஸ்டரை வச்சு ஆரம்பிச்ச வேலை பாதில நிக்குது, இப்ப பிரின்சிபால் பொறுப்பை எடுத்துக்கச் சொல்றாங்க. அவ்வளவு பெரிய ஆய்வாளர் ஏன் அந்த நாற்காலிக்குப் போனார்? போனா ஆராய்ச்சி அவ்வளவுதானே?

ஒரு வாசகி, திண்டுக்கல்

வணக்கம் மேடம்,

உங்க பயம் நியாயமானதுதான், பதவிக்குப் போய் எழுத்தை விட்டவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா ரிக்லி கடைசி காலத்துல கௌரவத்துக்காக நாற்காலில போய் உக்காந்தவர் இல்லை. 1964ல பீட்டர் லாஸ்லெட்டோட சேர்ந்து கேம்பிரிட்ஜ்ல மக்கள்தொகை வரலாற்று ஆய்வுக் குழுவை ஆரம்பிக்கறார், அதே வருஷம்தான் பீட்டர்ஹவுஸ் காலேஜோட சீனியர் பர்சர் ஆகறார், அதாவது காலேஜோட வரவு செலவு, சொத்து எல்லாம் அவர் தலைல. 10 வருஷம் அதைப் பாத்தார். அவர் பேரைச் சொல்ல வச்ச கோலிடன் கட்டுரை 1966ல வந்தது, அந்தப் பத்து வருஷத்துக்குள்ளதான்.

அந்தக் கட்டுரையைப் பத்தி உங்ககிட்ட கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா நீங்க செய்யறதும் அதே வேலைதான். கோலிடன்ங்கறது டெவன்ல ஒரு சின்ன ஊர். சர்ச் ரிஜிஸ்டர்ல இருக்கற ஒவ்வொரு ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாத்தையும் தனித்தனி சீட்டுல எழுதி, பேரை வச்சு ஒண்ணோட ஒண்ணு சேர்த்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு தாள்னு கொண்டு வரணும், இந்தப் பொண்ணு எப்ப பொறந்தா, எந்த வயசுல கட்டிக்கொடுத்தாங்க, முதல் குழந்தை எப்ப, அடுத்ததுக்கு எத்தனை வருஷ இடைவெளி, கடைசிக் குழந்தைக்கு அவளுக்கு என்ன வயசு, எல்லாம் அந்த ஒரு தாள்ல தெரிஞ்சுடும். 1645-46ல அந்த ஊர்ல பிளேக் வந்து ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு ஜனம் போயிடுச்சு. அதுக்கப்புறம் பொண்ணுங்க முதல் கல்யாணம் பண்ற சராசரி வயசு 27ல இருந்து கிட்டத்தட்ட 30க்குப் போகுது, பிள்ளை பெத்துக்கறதையும் சீக்கிரமே நிறுத்திக்கறாங்க. அந்தக் காலத்து ஜனங்க கடவுள் குடுக்கறபடி பெத்துக்கிட்டே போனாங்கன்னு நம்பிட்டிருந்த எல்லாருக்கும் இது பெரிய அதிர்ச்சி.

அப்புறம் ரோஜர் ஸ்கோஃபீல்டோட சேர்ந்து 1981ல வந்த பெரிய புத்தகம், அதுக்கு 404 சர்ச் பங்குகளோட (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர்ப் பகுதிதான் பங்கு) ரிஜிஸ்டர் கணக்கு. அதை எடுத்துக் குடுத்தவங்க பெரும்பாலும் அந்தந்த ஊர்ல வரலாற்று ஆர்வத்துல சம்பளமில்லாம உக்காந்து எண்ணினவங்க. 18ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து ஜனத்தொகை ஏறினதுக்கு சாவு குறைஞ்சதைவிட கல்யாண வயசு இறங்கி பொறப்பு கூடினதுதான் பெரிய காரணம்னு அதுல காட்டினாங்க. இத்தனை பேரை வருஷக்கணக்கா ஒரே ஒழுங்குல வேலை செய்ய வைக்கறது நிர்வாகம் இல்லாம வேற என்ன மேடம்? எனக்கு அது ரெண்டும் வேற வேறயா தெரியவே இல்லை.

நீங்க சொன்ன காலேஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி, 1994ல இருந்து 2000 வரைக்கும் அங்க மாஸ்டர், நம்ம ஊர் பிரின்சிபால் மாதிரி. கறுப்புச் சாவுங்கற பெரிய பிளேக் வந்து போன மூணு நாலு வருஷத்துல, 1352ல, கேம்பிரிட்ஜ் ஊர்க்காரங்களோட ரெண்டு சங்கம் சேர்ந்து ஆரம்பிச்ச காலேஜ் அது, செத்துப்போன உறுப்பினர்களுக்காக ஜெபம் பண்றதும் அதோட வேலைல ஒண்ணு. வாழ்நாள் முழுக்க அடக்க ரிஜிஸ்டரைப் படிச்ச மனுஷன் அங்க போய் உக்காந்தார்னு நினைச்சா எனக்கு மனசு என்னமோ பண்ணுது.

அந்தப் பதவில இருக்கறப்பவே 1997ல, 26 பங்குகளோட குடும்பத் தாள்களை வச்சு இன்னொரு பெரிய புத்தகம் மத்தவங்களோட சேர்ந்து கொண்டுவந்தார், வரலாறு மாதிரி துறைகளோட அறிஞர்கள் சபையான பிரிட்டிஷ் அகாடமிக்குத் தலைவரும் அதே வருஷம் ஆனார். 2010ல, 80ஐ நெருங்கற வயசுல, தொழில்புரட்சியும் நிலக்கரியும் பத்தி ஒரு புத்தகம். 1850ல வெட்டி எடுத்த நிலக்கரிக்குப் பதிலா விறகுதான் எரிக்கணும்னா இங்கிலாந்து, வேல்ஸ் மொத்தத்தையும் காடா வளர்த்தாலும் பத்தாது, அந்த மாதிரி ஒன்றரை நாடு வேணும்னு அதுல கணக்குப் போட்டிருப்பார். 2022ல காலமானார்.

அதனால பொறுப்பை எடுத்துக்கங்க மேடம். ஆனா சேர்றதுக்கு முன்னாடியே வாரத்துல ஒரு மத்தியானம் கோயில் ஆபீஸுக்குப் போவேன்னு மேனேஜ்மென்ட்கிட்ட சொல்லிடுங்க, அப்புறம் கேட்டா கிடைக்காது. ஸ்டூடண்ட்ஸ் நாலு பேரைக் கூடவே கூட்டிட்டுப் போங்க, சீட்டு எழுதற வேலையை அவங்க ரெண்டே நாள்ல கத்துக்குவாங்க. உங்க ரிஜிஸ்டர் எந்த வருஷத்துல இருந்து இருக்கு, கல்யாண ரிஜிஸ்டரும் கூட இருக்கான்னு நீங்க எழுதலை. அதை எனக்கு எழுதுங்க.