பி.எட். போதுமா?

கேள்வி: பி.எஸ்ஸி., பி.எட். முடித்திருக்கிறேன். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாள் எழுதி ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஆகலாமா? – வாசகி, போளூர்

பதில்: இப்போது முடியாதும்மா. 2018இல் என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) இதை அனுமதித்தது, வேலையில் சேர்ந்தபின் ஆறு மாத இணைப்புப் பயிற்சி போதும் என்றார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது. 1 முதல் 5 வரைக்கு, தொடக்கக் கல்விப் பட்டயம் படித்திருக்க வேண்டும்.

வருத்தம்தான். ஆனாலும் முப்பது வருடம் சின்னப் பிள்ளைகளோடு கிடந்தவள் நான். தீர்ப்பு சரியென்றே படுகிறது. பி.எட். முடித்து வந்த ஒரு தம்பி, குழந்தை ‘ட’வைத் திருப்பிப் போட்டதும் சிவப்பு மையால் அடித்தார். விரலைப் பிடித்து மணலில் எழுத வைத்திருக்கலாம். அந்தப் பக்குவத்துக்குத்தான் பட்டயத்தில் இரண்டு வருடம்.

நீங்கள் இரண்டாம் தாள் எழுதுங்கள். 6 முதல் 8 வரை உங்கள் இடம்.