கைடு வைத்து இம்பிளாண்ட்: கேள்வி பதில்

(இம்பிளாண்ட் என்பது தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல் வேர். கைடு என்பது டிரில் எங்கே, எந்தச் சாய்வில் இறங்க வேண்டும் என்று காட்ட, பல் அல்லது ஈறுமேல் உட்காரும் துளையுள்ள தட்டு.)

கே: ஈறைத் திறக்காமல், தையல் போடாமல் இம்பிளாண்ட் எல்லோருக்கும் வைக்கலாமா?

ப: முடியாது. எலும்பு நல்ல அகலமாக இருக்க வேண்டும். ஈறில் வட்டமாகத் துளை எடுத்த பிறகும் சுற்றிலும் 2 மி.மீ. கெட்டி ஈறு மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் திறந்து செய்வதே நல்லது.

கே: சிபிசிடி (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) எடுத்தாயிற்று. வாய்க்குள் வேறு ஸ்கேன் எதற்கு?

ப: சிபிசிடியில் எலும்பும் நரம்புக் குழாயும் தெரியும். பல், ஈறின் மேற்பரப்பு துல்லியமாக வராது; அது வாய் ஸ்கேனில் கிடைக்கும். பற்களை அடையாளமாக வைத்து இரண்டையும் மென்பொருளில் பொருத்துவோம். உலோகக் கிரவுன்கள் நிறைய இருந்தால் சிபிசிடியில் வெள்ளைக் கீற்றுகள் விழுந்து பொருத்தம் நகர்ந்துவிடும். வாய் ஸ்கேனை வைத்து அச்சிடுவதால் கைடு பல்மேல் கச்சிதமாகத்தான் உட்காரும். துளை மட்டும் தப்பான இடத்தில் விழும். கையில் எந்த உறுத்தலும் தெரியாது. அதனால் பொருத்திய படத்தை ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

கே: வலிக்குமா?

ப: மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள். திறக்காமல் செய்தால் பின்வலியும் வீக்கமும் குறைவு.

கே (பல் மருத்துவர்): கைடு இருக்கிறதே, நரம்புக்கு மேல் 1 மி.மீ. விட்டால் போதாதா?

ப: போதாது, டாக்டர். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் திட்டமிட்ட இடத்திலிருந்து சராசரி விலகலே இம்பிளாண்ட் நுழையும் இடத்தில் சுமார் 1.2 மி.மீ., அதன் அடி நுனியில் 1.4 மி.மீ. வருகிறது. 2 மி.மீ. விடுங்கள்.

கே (அதே மருத்துவர்): அந்தக் கணக்கில் ஈறுமேல் உட்காரும் கைடுகளும் சேர்ந்திருக்கும். என்னுடையது பல்மேல் உட்காருவது.

ப: பல்மேல் உட்காருவது கூடுதல் துல்லியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஸ்லீவுக்கும் (கைடின் துளையில் டிரில்லைப் பிடிக்கும் குழாய்) டிரில்லுக்கும் நடுவே சிறு ஆட்டம் இல்லாமல் டிரில் சுழலாது. அந்த ஆட்டம் நுனியில் பெரிதாகும். கடைவாயில் வாய் போதுமான அளவு திறக்காவிட்டால் டிரில் சாய்ந்தே நுழையும். டிரில் தொடும் முன் கைடில் உள்ள ஜன்னல் வழியே பல் நுனி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அழுத்தி உட்கார வைக்காதீர்கள். கையை எடுத்ததும் எழும்பிவிடும்.

கே: துளையிட்ட இடத்தில் எலும்பு கருகியது ஏன்?

ப: கைடு தண்ணீரை மறைத்துவிடும். 47 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு கெடத் தொடங்கும். டிரில்லை மேலும் கீழும் எடுத்தெடுத்து இறக்குங்கள், கைடுக்கு அடியிலும் தண்ணீர் பாய்ச்சுங்கள், மழுங்கிய டிரில்லைத் தூக்கிப் போடுங்கள்.

கே: எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் சாப்பிடுகிறேன். வைக்கலாமா?

ப: மாத்திரை எழுதிய மருத்துவரையும் பல் மருத்துவரையும் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே: திறக்காமல் செய்தால் வலி இருக்காதுதானே?

ப: மூன்றாம் கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

கே (அதே மருத்துவர்): ஜன்னலில் ஒட்டியிருந்தது. ஆனால் ஆழம் 1 மி.மீ. கூடிவிட்டது.

ப: ஸ்லீவ் உயரத்தைத் திட்ட அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அங்கே ஒரு உயரம், கையில் வேறு உயரத்துக்கான டிரில் என்றால் ஆழம் மாறிவிடும். முதல் டிரில் இறக்கியதும் அளவுக் கம்பி வைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.