திடலில் அடிக்கும் பயிற்றுநர்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பள்ளிக் காற்பந்துக் குழுவில் ஆடுகிறான். பந்தைத் தவறவிட்டால் பயிற்றுநர் கெட்ட வார்த்தையில் திட்டி, விசில் கயிற்றால் காலில் விளாசுகிறார். கேட்டால் குழுவிலிருந்து தூக்கிவிடுவாரோ?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, அடிப்பது பயிற்சி ஆகாது. குழுவிலிருந்து தூக்கிவிடுவாரோ என்ற பயத்தால்தான் பலர் வாய் திறப்பதில்லை.

“அடித்தாரா?” என்று கேட்காமல், “இன்று திடலில் என்ன நடந்தது?” என்று கேளுங்கள். அவன் சொன்ன வார்த்தைகளையே தேதி, நேரம், பார்த்தவர் பெயரோடு எழுதுங்கள். தழும்பின் அருகே அளவுகோல் வைத்து, பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். இரண்டே நாளில் மங்கிவிடும்.

திடலில் போய்ச் சண்டை போடாதீர்கள். மறுநாள் அதன் பலனை அனுபவிப்பவன் பையன்தான். தலைமையாசிரியரிடம் கடிதமாகவே கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்ப் புகாருக்குச் சாட்சி கிடையாது. பதில் வராவிட்டால் அதே நகலோடு மாவட்டக் கல்வி அலுவலகம் செல்லுங்கள்.

காயம் இருந்தால் காத்திருக்க வேண்டாம்: அரசு மருத்துவமனை, போலீஸ் புகார். மலேசிய அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே (Talian Kasih) 15999 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம்.

தகாத தொடுதல் என்றால் பள்ளியிடமோ பயிற்றுநரிடமோ முதலில் சொல்லாதீர்கள், கைப்பேசிச் செய்திகள் அழிக்கப்படலாம். உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்து, நேரே காவல் நிலையம் செல்லுங்கள். இதற்கென்றே சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.