ஷூபர்ட்டும் நம் இரக்கமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில்தான் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டைக் கேட்கத் தொடங்கினேன். வறுமையில், யாரும் அறியாமல், 31 வயதில் இறந்தவர் என்றும், மரணம் குறுக்கிட்டதால்தான் அவருடைய ‘முடிவுறாத சிம்பொனி’ பாதியில் நின்றது என்றும் படித்தேன். எதைக் கேட்டாலும் அந்தச் சோகமே முன்னால் வந்து நிற்கிறது. அவரை எப்படி அணுகுவது?

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் சிம்பொனி 1822-இல் எழுதப்பட்டது. ஷூபர்ட் வியன்னாவில் மறைந்தது 1828 நவம்பர் 19 அன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் சி மேஜர் என்னும் சுரவரிசையில் இன்னொரு பெரிய சிம்பொனியையே எழுதி முடித்திருக்கிறார் என்பதால், மரணத்தின் மேல் பழி போட வழியில்லை. இரண்டு பகுதிகள் நிறைவுற்று மூன்றாவதின் தொடக்கத்தோடு நின்றுபோன அந்தக் கைப்பிரதி, நண்பர் ஹுட்டன்பிரென்னரிடம் பல காலம் கிடந்து, 1865-இல்தான் முதன்முறையாக இசைக்கப்பட்டது.

யாரும் அறியாதவர் என்பதும் பாதி உண்மைதான். ஜெர்மன் கவிஞர் கோதேயின் கவிதைக்கு அவர் இசையமைத்த ‘எர்ல்கோனிக்’ பாடலைப் பதிப்பாளர்கள் ஏற்கத் தயங்கியபோது, நண்பர்கள் பணம் திரட்டி 1821-இல் அச்சிட்டார்கள். அது நன்றாகவே விற்றது. அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதிய அவரைப் பாடலாசிரியராக வியன்னா அறிந்திருந்தது. அது அறியாமல் போனது பெரிய படைப்புகளை எழுதிய ஷூபர்ட்டை. தம் படைப்புகளை மட்டுமே கொண்டு அவர் நடத்திய ஒரே பொது நிகழ்ச்சி 1828 மார்ச் 26 அன்று, பேத்தோவனின் முதலாண்டு நினைவு நாளில் நடந்தது. மூன்றே நாளில் வயலின் மேதை பகனினி மேடையேறி, பத்திரிகைகளுக்கு வேறு பேச்சே இல்லாமல் செய்துவிட்டார். (பகனினி மேல் எனக்கு இன்னும் அந்த மனத்தாங்கல் உண்டு.) நான் குறிப்பிட்ட சி மேஜர் சிம்பொனியின் கைப்பிரதியை ஷூபர்ட்டின் அண்ணன் ஃபெர்டினாண்டின் வீட்டில் கண்டவர் இசையமைப்பாளர் ஷூமான், 1839-இல் லைப்சிக்கில் இசைக்குழுவை நடத்தி அதை அரங்கேற்றியவர் இன்னொரு இசையமைப்பாளரான மெண்டல்சோன்.

‘விண்டர்ரைஸ’ (குளிர்காலப் பயணம்) என்னும் பாடல் தொகுப்பின் கடைசிப் பாடலிலிருந்து தொடங்குங்கள் என்பேன். வில்ஹெல்ம் மியூல்லரின் 24 கவிதைகளுக்கு 1827-இல் அமைத்த இசை அது. அதன் இரண்டாம் பகுதியின் அச்சுப்படிகளை ஷூபர்ட் நோயுற்றுப் படுக்கையில் கிடந்து திருத்தியதை அறிந்தால் நம் இரக்கம் இன்னும் கூடத்தான் செய்யும். ஆயினும் காதை பியானோவின் இடது கையில் வையுங்கள். பனிக்கட்டியின் மேல் வெறுங்காலோடு நின்று, கைப்பிடியைச் சுழற்றி நரம்புக் கருவி வாசிக்கும் கிழவரின் சுருதியாக, அந்தக் கை ஷட்ஜமும் பஞ்சமமும் போன்ற இரண்டே சுரங்களைப் பாடல் முழுதும் மாற்றாமல் பிடித்திருக்கிறது. குரல் ஓரடி பாடி நிறுத்த, வலது கை ஒரு சிறு மெட்டைச் சுற்றிவிட்டு ஓய்கிறது; பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து ஒலிப்பதில்லை. கிழவரின் தட்டில் காசு விழவில்லை, நாய்கள் உறுமுகின்றன. குரலோ எதற்கும் அழுவதில்லை. என் பாடல்களுக்கு நீ வாசிப்பாயா என்று கடைசியில் கேட்கும்போது மட்டும் அது ஒரு முறை உயர்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் வருவதில்லை. உங்களை உலுக்குவது ஷூபர்ட்டின் நோயென்று நான் நினைக்கவில்லை. எதையெல்லாம் எழுதாமல் விடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்ததுதான்.

அதன்பின், அவர் இறந்த ஆண்டில் எழுதிய சி மேஜர் நரம்பிசை ஐவரிசையின் (ஐந்து நரம்புக் கருவிகளுக்கான படைப்பு) இரண்டாம் பகுதிக்கு வாருங்கள். நடுவிலுள்ள மூன்று கருவிகள் ஏறக்குறைய அசையாமல் நிற்க, மேலே முதல் வயலின் துண்டு துண்டாகப் பேசுகிறது, கீழே ஒரு செல்லோ நரம்பைச் சுண்டிப் பதில் சொல்கிறது. அந்த அமைதி நடுவில் எந்த இடத்தில் உடைகிறது என்பதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.