பிரேஸ்லெட் கோக்கும் மகளும் பி.காம். படிப்பும்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா. பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் எந்நேரமும் மணி கோத்துக்கொண்டே இருக்கிறாள், இது சோறு போடுமா, தடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்க வேண்டாம். அதற்காகக் கேட்கிற பணத்தையெல்லாம் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். இந்த வேலைக்குக் கை சீக்கிரம் பழகிவிடும். பலரும் தடுமாறுவது கணக்கில்தான். கணக்குப் படிக்கிற பெண் அதையே தன் முதல் பாடமாக எடுத்துக்கொள்ளட்டும்.

தொடக்கத்தில் ஒரே வகையில் நிற்கச் சொல்லுங்கள். வீடியோ பார்த்துவிட்டு ரெசின் என்கிற பிசின் வார்ப்பு, மேக்ரமே என்கிற நூல் முடிச்சு வேலை, டெரகோட்டா என்கிற சுடுமண் நகை என்று எல்லாவற்றுக்கும் சாமான் வாங்கினால் வீட்டு மூலையில் டப்பா டப்பாவாகத் தேங்கும். எலாஸ்டிக் நூலில் மணி கோக்கும் பிரேஸ்லெட் ஒன்றே போதும். 8 மி.மீ. கண்ணாடி மணி இரண்டு மூன்று நிறத்தில், 0.8 மி.மீ. எலாஸ்டிக் நூல் ஒரு சுருள், இஞ்ச் டேப், கத்தரிக்கோல், பசை. அவ்வளவுதான். முதல் தடவை ஆன்லைனில் வாங்காமல் கடைக்கே கூட்டிப் போங்கள். சென்னை என்றால் சௌகார்பேட்டை, பாரிமுனைத் தெருக்கள். கோவை என்றால் பெரிய கடை வீதிப் பக்கம். மணியைக் கையில் எடுத்துத் துளையைப் பார்க்க வேண்டும். துளை ஓரம் கூராக இருந்தால் அது நூலை அறுத்துவிடும். நிறம் நிற்குமா என்று தெரிய நாலு மணியை உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டு வைத்து, மறுநாள் வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கட்டும். வியர்வைக்குச் சாயம் போகிற மணி பெரும்பாலும் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

அளவு எடுப்பது எளிது. மணிக்கட்டுச் சுற்றளவோடு அரை இஞ்ச் கூட்டினால் போதும். 6 இஞ்ச் கைக்கு 8 மி.மீ. மணி 20 அல்லது 21 பிடிக்கும். நூலில்தான் கவனம் வேண்டும். கோப்பதற்கு முன்பே எலாஸ்டிக்கை இரண்டு கையாலும் நாலைந்து தடவை நன்றாக இழுத்து விட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் வாங்கியவர் கையில் கொஞ்ச நாளிலேயே தளர்ந்து, மணிகளுக்கு நடுவே நூல் பல்லிளிக்கும். முடிச்சுப் போடும்போது முதல் சுற்றிலேயே நூல் முனையை இரண்டு தடவை உள்ளே விட்டு இழுத்து, அதன்மேல் இன்னொரு முடிச்சு போட வேண்டும். உடனே ஒட்டிக்கொள்ளும் பசையைத் தொடவே கூடாது. அது பட்ட இடத்தில் நூல் விறைத்து, அங்கேயே அறுந்துவிடும். நகை வேலைக்கென்று விற்கிற, காய்ந்தாலும் நெகிழ்வாக இருக்கிற பசை ஒரு சொட்டு விட்டு, காய்ந்ததும் முடிச்சை மணித் துளைக்குள் இழுத்து மறைத்துவிட்டால் வேலை முடிந்தது.

முதலில் செய்ததை விற்க வேண்டாம். ஒன்றை நீங்கள் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுங்கள், பஸ்ஸில் போய் வாருங்கள். இரண்டு வாரம் தாங்கினால் அதன் பிறகு விலை பேசலாம். கைக்குழந்தைக்குக் கேட்டு வருபவர்களிடம் மட்டும் முடியாது என்று சொல்லிவிடட்டும். அறுந்த மணி குழந்தை வாய்க்குப் போனால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அடுத்த படி பட்டு நூல் வளையல். நம் ஊரில் வளைகாப்பு, கல்யாணம், பிறந்தநாள் என்று மொத்தமாக ஆர்டர் வருவது இதற்குத்தான். 2.4, 2.6, 2.8 என்று சொல்கிற அளவுகள் தசமம் அல்ல என்பது உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2.4 என்றால் 2 இஞ்சும் பதினாறில் 4 பங்கும், அதாவது உள்விட்டம் 2¼ இஞ்ச், ஏறக்குறைய 57 மி.மீ. நிறத்திலும் தகராறு வரும். போனில் வந்த புடவைப் படத்தை நம்பி நூல் வாங்கினால் தப்பிப்போகும். முடிந்தால் ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் நூலோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்டரோடு பாதிப் பணம் முன்பணமாக வாங்குவதும் கட்டாயம். அவர்கள் கேட்ட நிறத்தில் செய்ததை வேறு யாரிடம் விற்பது?

இப்போது கணக்கு. ஒரு பிரேஸ்லெட்டுக்கு மணியும் நூலும் 40 ரூபாய், டப்பாவும் அட்டையும் 10 ரூபாய், அரை மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பெண்கள் 50 ரூபாய் செலவு, 80 ரூபாய்க்கு விற்றேன், 30 ரூபாய் லாபம் என்பார்கள். அந்த 30 ரூபாய் அவளுடைய கூலி. மணிக்கு 60 ரூபாய் என்று தன் கூலியைப் போட்டுக்கொண்டால் அடக்கமே 80 ஆகிவிடும், லாபம் பூஜ்யம். இதில் ஃபேன்சி ஸ்டோர்காரர் தன் பங்கு கேட்பார், அறுந்தது திரும்பி வரும், கூரியர் செலவு இருக்கும். அதனால் நேரத்தையும் சேர்த்து எழுத ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். மூன்று மாதம் அந்த நோட்டை எழுதியபின் தொழில் வருமா வராதா என்பதை அவளே உங்களுக்குச் சொல்வாள். எழுதவே சலித்துக்கொண்டால் பொழுதுபோக்காக இருந்துவிட்டுப் போகட்டும், அதிலும் குறையில்லை.

ஒரு விஷயத்தில் நான் கறாராகச் சொல்கிறேன். “மணியும் நூலும் நாங்களே தருகிறோம், கோத்துக் கொடுத்தால் திரும்ப வாங்கிக்கொள்கிறோம், டெபாசிட் மட்டும் கட்டுங்கள்” என்று வரும் விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள். பணம் கட்டியபின் “ஃபினிஷிங் சரியில்லை” என்று திருப்பி அனுப்புவார்கள், அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். வேலை கொடுப்பவர் கூலி கொடுக்க வேண்டும். நம்மிடம் பணம் கேட்கக் கூடாது.

படிப்பை விடுவது பற்றிப் பேச்சே வேண்டாம். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு வரும், அந்த மாதங்களில் ஆர்டர் எடுப்பதில்லை என்று இப்போதே முடிவு செய்யட்டும். பட்டம் கையில் இருந்தால் வழிகள் விரியும். ஆர்வம் நிலைத்தால் நிஃப்ட் என்கிற மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனத்தில் முதுநிலை டிசைன் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். எந்தப் பட்டம் படித்தவரும் எழுதலாம். கடன் இப்போது தேவையே இல்லை. பின்னால் தேவைப்பட்டால் சிறு தொழிலுக்கு வங்கிக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில், சிசு என்கிற தொடக்கப் பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம். சிறு தொழில்களைப் பதிவு செய்யும் உத்யம் பதிவு அரசு தளத்தில் இலவசம். இடைத்தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

நீங்கள் கிராமத்தில் இருப்பதாக எழுதியிருப்பதால் இன்னொன்று. வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் ஃபேன்சி நகை செய்யும் பயிற்சி இலவசமாகத் தருகிறார்கள், 18 வயது ஆகியிருக்க வேண்டும். அடுத்த பயிற்சி எப்போது என்று நேரில் போய்க் கேட்டு, செமஸ்டர் லீவில் வருகிறதா என்று பார்த்துப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.