மதுரைப் பக்கம் இயற்கையோடு சேர்ந்த பொது சானாவும் குளிர்நீர்த் தொட்டியும் அமைக்க முடியுமா? எப்படி வடிவமைப்பது?

முடியும். சானா என்றால் அடுப்பு வைத்துச் சூடாக்கிய, உட்கார்ந்து வியர்க்கிற மர அறை; பின்லாந்துக்காரர்கள் வழக்கம். உங்களிடம் நாகமலை அடிவாரத்திலோ சிறுமலை அடிவாரத்திலோ கொஞ்சம் நிலம் இருக்கும், பின்லாந்து வீடியோக்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மலைக் காட்சி இருக்கட்டும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். நானாக இருந்தால் சோழவந்தான் பக்கம் பம்புசெட் உள்ள தென்னந்தோப்பைத்தான் தேடுவேன்.

நான் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். மலை மேல் ஒரு விடுதிக்கு சானா அறை கட்டிக் கொடுத்தேன். உரிமையாளர் உட்காரும் பலகைக்குத் தேக்கு போட்டு, பளபளவென்று வார்னிஷ் அடிக்கச் சொன்னார். முடியாது என்றேன். மேல் பலகையில் 80, 90 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் வார்னிஷ் வாடை கிளம்பினால் மூச்சுவிட முடியாது. கனமான மரம் தோலைச் சுடும். எடை குறைந்த, பிசின் வடியாத மரம்தான் சரி. ஸ்குரூவை எல்லாம் பலகைக்கு அடியிலிருந்து முடுக்கினோம். மேலே தலை தெரிந்தால் தொடை வெந்துவிடும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் கூடாது. மயக்கம் வந்தவர் மேலே சாய்ந்தாலே திறந்துகொள்ள வேண்டும். இதில் மட்டும் யாருக்காகவும் இறங்கி வராதீர்கள்.

அந்த அறையைப் பாராட்டாதவர் இல்லை. கடைசி பில் பணம்தான் இன்றுவரை வரவில்லை. ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் சனிக்கிழமை நான் சம்பளம் கொடுத்தாக வேண்டும். எனக்குத் தர வேண்டியவர்கள் மட்டும் 'அடுத்த மாசம்' என்பார்கள். எங்களைப் போன்ற சின்ன காண்ட்ராக்டர்கள் இதை எங்கே போய்ச் சொல்வது? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

'மதுரை வெயில் போதாதா, சானா வேறயா' என்று கீழே யாராவது எழுதுவார்கள். வெயிலில் அலைவது வேறு. பத்து நிமிடம் வியர்த்துவிட்டு, நினைத்த நேரத்தில் எழுந்து தண்ணீரில் இறங்குவது வேறு. பணக்காரர் சமாசாரம் என்பதும் தவறு. பின்லாந்தின் தம்பெரே நகரில் ராயாபோர்ட்டி பொது சானா 1906 முதல் நடக்கிறது. அது தொழிலாளர்கள் குடியிருந்த பகுதி.

நம் கிணற்றுத் தண்ணீர் 28 டிகிரி பக்கம் இருக்கும். சானாவிலிருந்து வருகிற உடம்புக்கு அதுவே சிலிர்க்கும், தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் மெஷின் வேண்டாம். தொட்டியை நிழலில், ஆழமாக, படியும் கைப்பிடியும் வைத்துக் கட்டுங்கள். ஒரு பக்கம் பம்புத் தண்ணீர் விழட்டும், மறுபக்கம் வழிந்து தென்னைக்குப் போகட்டும். சோப்பும் ஷாம்பும் அங்கே கூடாது, அதற்குத் தனிக் குளியலறை. விவசாய இலவச மின்சாரத்தில் இதை ஓட்டாதீர்கள், வணிக இணைப்பு வாங்குங்கள். தண்ணீரை அடிக்கடி சோதனைக்கு அனுப்புங்கள்.

அடுப்புக்குச் சீமைக்கருவேல விறகு போதும், நின்று எரியும். அடுப்பின் மேல் கல்லை அடுக்கி, சூடேறியதும் ஆவி வரத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தக் கல்லுக்கு மேலூர் கிரானைட் வேண்டாம். சூட்டில் தண்ணீர் பட்டுப்பட்டு பிளந்துவிடும். ஆற்றுக் கூழாங்கல் ஈரம் குடித்திருந்தால் வெடிக்கவே செய்யும். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும், குடித்தவர்களை உள்ளே விடவே வேண்டாம்.

உடை மாற்றும் அறையை மிச்சப் பணத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்குத் தனி அறை, உள்தாழ்ப்பாள், தொட்டியைச் சுற்றி மறைப்புச் சுவர், தனி நேரம் எல்லாம் முதல் பிளானிலேயே இருக்க வேண்டும். அருவிக்குப் போன இடத்தில் என் அக்கா காருக்குள் போர்வையைப் பிடித்துக்கொண்டு புடவை மாற்றியதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.