ஓ.ஜி. (மகப்பேறு, மகளிர் மருத்துவம்) எடுத்தால் குறைமாதக் குழந்தையையும் பார்க்கலாமா?

அம்மா, உங்கள் கடிதம் படித்தேன். மகள் ஹவுஸ் சர்ஜன், அடுத்து மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வு, குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்கிறாள். நீங்களோ "பொம்பளைப் பிள்ளைக்கு ஓ.ஜி.தான் நல்லது, ஊரிலேயே கிளினிக் போடலாம், குழந்தையும் அதில்தானே வருகிறது" என்கிறீர்கள். சிக்கல் அந்தக் கடைசி வார்த்தையில்தான் இருக்கிறது. 140 வருஷத்துக்கு முந்தைய பாரிஸில் என்றால் நீங்கள் சொல்வது சரி.

அங்கே பிறந்த குழந்தை பிரசவ மருத்துவரின் பொறுப்பு. ஸ்தெபான் தார்னியே என்பவர் மிருகக்காட்சி சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, அதேபோல் மனிதக் குழந்தைக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார். கீழே வெந்நீர், மேலே குழந்தை, அவ்வளவுதான் இன்குபேட்டர். 1881-இல் அது பாரிஸ் பிரசவ மருத்துவமனைக்கு வந்தது. இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில் இறப்பு 66 சதவீதத்திலிருந்து 38-க்கு இறங்கியது.

உங்கள் மகளுக்கு நான் சொல்ல நினைப்பது அவருக்குப் பின் வந்த பியேர் புதேனைப் பற்றி (1846-1907). அவரும் பிரசவ மருத்துவர்தான், ஆனால் தொப்புள்கொடி வெட்டியதோடு வேலை முடிந்தது என்று கை கழுவிவிட்டுப் போகாதவர். இவ்வளவு பாடுபட்டுப் பிழைக்க வைத்த குழந்தைகள் வீட்டுக்குப் போய்க் கெட்ட பாலைக் குடித்து வெயில் காலத்தில் வயிற்றுப்போக்கில் சாகின்றனவே என்று 1892-இல் பாரிஸின் ஷாரித்தே மருத்துவமனையில் ஓர் ஏற்பாடு செய்தார். அங்கே பிரசவித்த தாய்மார் வாராவாரம் குழந்தையோடு வர வேண்டும், தராசில் எடை போட்டுக் குறிக்க வேண்டும், முதலில் தாய்ப்பால், அது போதாதவர்களுக்கு மட்டும் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த பால். இன்று நம் அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் குறிக்கிறார்களே, ஏறக்குறைய அதே வேலை.

இன்னொன்றையும் கவனித்தார். குழந்தையை இன்குபேட்டரில் பிரித்து வைத்தால் சில தாய்மாருக்குப் பிள்ளை மேல் பற்றே விட்டுப்போய், குழந்தையைக் கைவிட்டுவிடுகிறார்கள். அதனால் தாய் பக்கத்திலேயே இருந்து பால் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். என்னைக் கேட்டால் பெட்டியைக் கண்டுபிடித்ததைவிட இது பெரிய விஷயம்.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருவோம். புதேன் ஒருவராகவே பார்த்த வேலையை இன்று நம் நாட்டில் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பச்சிளங்குழந்தை மருத்துவத்துக்கு எம்.டி. குழந்தை மருத்துவம் மூன்று வருஷம், அதன் மேல் டி.எம். நியோநேட்டாலஜி என்ற உயர் சிறப்புப் படிப்பு மூன்று வருஷம். ஓ.ஜி. முடித்துவிட்டு அந்த டி.எம்.முக்குப் போக முடியாது, மனம் மாறினால் மறுபடி நீட் பிஜி எழுதி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆக "இப்போதைக்கு ஓ.ஜி., அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற யோசனை வேண்டாம். கிளினிக் கவலையும் வேண்டாம், எம்.டி. குழந்தை மருத்துவம் முடித்தவர் ஊரில் தாராளமாகக் கிளினிக் போடலாம், டி.எம். கட்டாயமில்லை. ராத்திரி தூக்கம் கெடுவது மட்டும் இரண்டிலும் உண்டு.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். லேபர் வார்டு போஸ்டிங்கில் குழந்தை வெளியே வந்த அடுத்த நிமிஷம் தன் கவனம் எங்கே போகிறது என்று அவளே பார்க்கட்டும்: நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா, ரத்தப்போக்கு நின்றதா என்று தாய் பக்கமா, இல்லை குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரில் குழந்தை அழுததா என்று அந்தப் பக்கமா? தாய் பக்கம் என்றால் நீங்கள் சொல்வதே சரி, சிக்கலான கர்ப்பங்களைப் பார்க்க ஓ.ஜி.யில் நிறைய இடமிருக்கிறது. வார்மர் பக்கம் என்றால் கவுன்சலிங்கில் சாய்ஸ் நிரப்பும்போது குழந்தை மருத்துவத்தை மேலே போடட்டும், நல்ல நியோநேட்டல் ஐசியு (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) உள்ள கல்லூரியாகப் பார்த்து. அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரிசையை மாற்றச் சொல்லாதீர்கள்.